நோவில்லா நோய்: ஆறாப் புண் ஆராய்ச்சியும் நம் மண்ணும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, வழக்கம்போல் கல்வெட்டு பற்றித்தான் எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருப்பார்கள். கல்வெட்டில்தான் தொடங்குகிறேன். ஆனால் அது என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் வேறு.

சிரவணபெளகொளாவில் விந்தியகிரி மேல் நிற்கும் கோமடேசுவரர் திருவடிகளின் இருமருங்கும் கல்வெட்டுகள் உண்டு. இச்சிலையைச் செய்வித்தவன் சாமுண்டராயன் என்ற ஒரே செய்தியைக் கன்னடத்திலும் தமிழிலும் மராட்டியிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். தமிழ் வரி கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்தது. மைசூர் சந்தேப்பேட்டையில் நாற்பது ஆண்டுகளாகப் பாத்திரக் கடை நடத்தும் எனக்கு, அந்தத் தமிழ் வரியைப் பார்க்கும்போதெல்லாம் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். 2018 பிப்ரவரியில் மகாமஸ்தகாபிஷேகம் நடந்தது. கூட்டத்துக்கு அஞ்சி அப்போது போகவில்லை. ஏப்ரலில் போனேன். பாறையில் வெட்டிய படிகள் அறுநூறுக்கும் மேல், செருப்புப் போடக்கூடாது. மேலே போய்ச் சேரும்போது உச்சி வெயில். அந்த ஒரு வரியை எழுத்தெழுத்தாகக் காகிதத்தில் பார்த்து எழுதிக்கொண்டு, கருங்கல் தளத்தில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். கூட வந்த பேரன், "தாத்தா, கால் சுடலையா?" என்று குதித்துக்கொண்டே கேட்டான். "பழக்கம்டா" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மறுநாள் மாலை கடையைப் பெருக்கிய பையன், தரையில் இரத்தக்கறை இருக்கிறது என்றான். யாருக்கு அடிபட்டது என்று ஆளாளுக்குப் பார்த்தோம். கடைசியில் அது என் வலது உள்ளங்காலிலிருந்து வந்திருந்தது. பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் வந்து, உடைந்து, தோல் உரிந்து கிடந்தது. எனக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை வியாதி வந்து அப்போது பதினாறு ஆண்டுகள்.

பாகுபலி சுவாமி ஓராண்டு அசையாமல் நின்றார். கொடிகள் காலைச் சுற்றின, புற்று எழும்பியது, அவர் அறியவில்லை என்பது புராணம். அவர் அறியாமைக்குக் காரணம் தவம். என் அறியாமைக்குக் காரணம் சர்க்கரை. அவர் காலடியில் நின்றே இந்த வித்தியாசம் எனக்குப் புரிய வேண்டியிருந்தது!

அந்தப் புண் ஏழு மாதம் ஆறவில்லை. முதல் ஐந்து மாதம் ஓரிடத்தில் மருந்து வைத்துக் கட்டினார்கள். மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நானும் கட்டோடு கடைக்கு நடந்து போய் வந்தேன். நடக்காதே என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வியாபாரி கேட்டிருப்பானா என்பது வேறு கேள்வி. ஆனால் எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊரில் பயிர் செய்துகொண்டிருந்த என் அண்ணனுக்கு 2004-இல் இதே மாதிரி உள்ளங்காலில் முள் குத்திய புண். அவரும் கட்டோடு வரப்பில் நடந்தார். மறு ஆண்டு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். 2007-இல் போய்விட்டார். 'பட்ட காலிலே படும்' என்று எங்கள் பெரியம்மா அப்போது சொல்லி அழுதார். அந்தப் பழமொழி எவ்வளவு துல்லியமான மருத்துவ உண்மை என்பது எனக்கு அப்போது தெரியாது.

அக்டோபரில் மைசூரிலேயே வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். சின்ன வயது. காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, புண்ணைச் சுற்றி அழுத்தியபடி, "யஜமான்ரே, நோவு இத்யா?" என்றார். இல்லை என்றேன். "அதே கஷ்ட" என்றார். வலியில்லாததுதான் கஷ்டம்! கன்னடத்திலும் நோவு, தமிழிலும் நோவு. நோய் என்ற சொல்லே 'நோ' என்னும் வேரிலிருந்து வந்தது. நோவைத் தருவதால் நோய். நோவே இல்லாத நோயை என்னவென்று சொல்வது? அவர் என் காலுக்கு மாவுக்கட்டுப் போடப் போவதாகச் சொன்னார். எலும்பு முறியவில்லையே அம்மா என்றேன். சிரித்துவிட்டு, "இது உங்க ஊர்ப் பக்கத்து வைத்தியம்தான், வேலூர்லேர்ந்து வந்தது" என்று எனக்காகத் தமிழில் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் படித்தவற்றின் சாரமே இக்கட்டுரை.

புண்ணைப் பற்றி நம் முன்னோர் நிறைய அறிந்திருந்தனர். போரில் முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றியதும், முதுகில் பட்டதற்கு நாணியதும் யாவரும் அறிந்தவை. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர், மார்புக் காயத்தைத் தைக்கும் நெடிய வெள்ளூசி தசைக்குள் புகுந்து வெளிவருவதை, மீன்கொத்தி குளத்தில் பாய்ந்து எழுவதற்கு ஒப்பிடுகிறார். தையல் போடுவதைக் கண்ணால் கண்டவர்தாம் அப்படிச் சொல்ல முடியும். புறநானூற்றில் அரிசில்கிழார் பாட்டொன்றில், புண்பட்ட வீரன் கிடக்கும் வீட்டில் வேப்பிலை செருகுகிறார்கள், வெண்சிறுகடுகு தூவுகிறார்கள், புகை காட்டுகிறார்கள், யாழிசைக்கிறார்கள். 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை ஒன்றைச் சொல்கிறது. வைத்தியர் ஒருவர், சல்லியக்கிரியை செய்பவர் ஒருவர், மருந்து கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஊதியம் குறித்திருக்கிறார்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அந்த இடம் எங்கள் பக்கத்திலிருந்து அதிக தூரமில்லை. இருமுறை போய்ப் பார்த்திருக்கிறேன்.

வடமொழியில் சுசுருதரை எடுத்துக்கொண்டால், புண்ணுக்கு அறுபது விதச் சிகிச்சை சொல்கிறார். புண்ணை எப்படிச் சோதிப்பது என்பதற்கே தனி இயல்கள்: எந்த இடத்தில் இருக்கிறது, என்ன வடிவம், என்ன நிறம், என்ன நாற்றம், வடிவது நீரா சீழா, வலி எரிச்சலா குத்தலா என்றெல்லாம். மைசூரில் ஒரு நூலகத்தில் அமர்ந்து கன்னட உரையின் துணையோடு சூத்திரத்தானத்தைப் படித்தபோது, இருபத்து மூன்றாம் இயலில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். எவருடைய புண் எளிதில் ஆறாது என்று அங்கே ஒரு பட்டியல். தொழுநோயர், நஞ்சேறியவர், உடல் உருகும் நோயர், மதுமேகக்காரர். தொழுநோயும் மதுமேகமும் ஒரே சுலோகத்தில்! பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரு நோய்கள். ஒன்று கிருமியால் வருவது, மற்றது சர்க்கரை. இரண்டையும் ஏன் சேர்த்தார் என்பதற்கு அங்கே காரணம் இல்லை. ஆறுவதில்லை என்று கண்டார்கள், எழுதிவைத்தார்கள். காரணம் தெரிய இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

எங்கள் சமண மரபிலும் மருத்துவ நூல்கள் உண்டு. உக்கிராதித்தர் இயற்றிய 'கல்யாணகாரகம்' 9-ஆம் நூற்றாண்டினது என்பர். 1940-இல் சோலாப்பூரில் அச்சேறியது. மது, மாமிசம், தேன் மூன்றையும் விலக்கி மருந்து சொல்லும் நூல். இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், என் புண்ணைக் கேள்விப்பட்டு வந்தவர்களில் பாதிப்பேர் "தேன் தடவுங்க நயினார், கைகண்ட மருந்து" என்றார்கள். தேன் எங்களுக்கு ஆகாது என்றால் "தின்னவா சொன்னேன், தடவத்தானே" என்று வாதம். பிறகு படித்துப் பார்த்தேன். தேன்கட்டு பற்றிய சோதனைகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்தவர்கள், ஆழமில்லாத சில தீப்புண்கள் அதனால் சீக்கிரம் ஆறுவதாகவும், சர்க்கரைக்காரர் கால் புண்ணுக்கு உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை என்றும் 2015-இல் எழுதியிருக்கிறார்கள். என் விரதத்துக்கு நட்டமில்லை.

இனி அந்த வேலூர்க் கதை. அதற்கு முன் என் சிறுவயதுக் காட்சி ஒன்று. வந்தவாசிச் சந்தை வாசலில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். விரல்கள் இல்லை. காலில் துணி சுற்றியிருக்கும். துணியின் அடிப்பக்கம் எப்போதும் ஈரம். காசைத் தூர நின்று எறிவார்கள். "பெருநோய் விரலைத் தின்னுடுச்சு, முன்வினை" என்பார் பாட்டி. எங்களவர் கதைகளில் ஸ்ரீபாலன் என்னும் அரசகுமாரனுக்குக் குஷ்டம் வந்து, மனைவி மைனாசுந்தரி கந்தோதகம் தெளித்துக் குணமாக்கினாள் என்று வரும். வேதனையை வினையின் பயன் என்று சொல்லி, அதற்கு அசாதா வேதனீயம் என்று பெயரும் வைத்திருக்கிறோம். வேதனை இல்லாமல் போவதும் ஒரு வினைப்பயனாக இருக்கலாம் என்று எந்த ஆசாரியரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நோய்தான் விரலைத் தின்கிறது என்று பாட்டி மட்டுமா நம்பினார்? 1940-கள் வரை உலகத்து டாக்டர்களில் பலரும் அப்படித்தான் எண்ணியிருந்தனர். தொழுநோயர் சதை கெட்ட சதை, அறுத்தாலும் ஆறாது என்பது அவர்கள் முடிவு. அதனால் அறுவை செய்யவும் யாரும் முன்வரவில்லை.

பால் பிராண்ட் 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலேய மிஷனரிகள். தந்தை 1929-இல் காய்ச்சலில் அங்கேயே இறந்தார். மகன் லண்டனில் அறுவை மருத்துவம் படித்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டை அடுத்த திருமணியில், ராபர்ட் காக்ரேன் நடத்திய தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்த்தார். மடங்கிப்போன கைகள் எங்கும். இவற்றுக்கு ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்டால், காக்ரேன் தாம் தோல் மருத்துவர், கையைப் பற்றி ஆராய வேண்டியவர்கள் உங்களைப் போன்ற எலும்பு மருத்துவர்கள், ஒருவரும் வரவில்லையே என்று திருப்பிக் கேட்டாராம். பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தம் கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். கத்தும்படி வலித்தது! 'செத்த கை' என்று எண்ணியதில் அவ்வளவு வலு. தசை கெடவில்லை, சில நரம்புகள் மட்டுமே செத்திருக்கின்றன என்று அந்த நொடியில் அவருக்குப் பட்டது. 1948-இலிருந்து, வேலை செய்யும் தசையின் நாணை எடுத்து வேலை செய்யாத விரலுக்கு மாற்றிக் கட்டும் அறுவையைத் தொடங்கினார். புண் ஆறியது. கெட்ட சதை என்ற பேச்சு அங்கேயே பொய்த்தது.

அப்படியானால் விரல்கள் எங்கே போகின்றன? இந்தக் கேள்விக்கு விடை கண்ட விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய கருவி எதுவும் இல்லை. வேலூர் வளாகத்தில் மண்சுவர்க் குடிசைகளாக 'நவஜீவ நிலையம்' ஒன்றை அமைத்து, அறுவை முடிந்த இளைஞர்களைத் தங்கவைத்துத் தச்சுவேலை முதலியன கற்பித்தார்கள். அவர்களில் எவருக்குப் புதிதாக ஒரு புண் வந்தாலும், இது எப்படி வந்தது என்று துருவி விசாரிப்பது என்று வைத்துக்கொண்டார்கள். நோயால் வந்தது என்ற பதிலை ஏற்பதில்லை. ஒருமுறை துருப்பிடித்த பூட்டைப் பிராண்டால் திறக்க முடியவில்லை. ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலிலிருந்து இரத்தம் சொட்டியது, சாவி எலும்பு வரை அறுத்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. நமக்கு வலி 'போதும், நிறுத்து' என்று சொல்லும் இடத்தில், அவனுக்குச் சொல்ல யாருமில்லை. சூடான பாத்திரம், சுத்தியல் பிடி, செருப்பில் துருத்திய ஆணி என்று ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் கிடைத்தது. சிலருக்கு மட்டும் இரவோடு இரவாக விரல் குறைந்தது. இராத்திரி கண்விழித்துக் காவலிருந்து பார்த்தார்கள். எலி! தூங்குகிறவன் விரலை எலி வந்து கடிக்கிறது, அவன் புரண்டுகூடப் படுக்கவில்லை. அதன்பின் வீடு திரும்பும் ஒவ்வொருவரோடும் ஒரு பூனையை அனுப்பினார்களாம்.

சந்தை வாசலில் இருந்தவரை நோய் தின்னவில்லை. வெயிலும் கல்லும் அடுப்பும் எலியும் தின்றன. அறுபத்து நான்கு வயதில், கட்டுப்போட்ட காலைத் திண்ணையில் நீட்டிக்கொண்டு இதைப் படித்தபோது, எறிந்த காசுகள் எனக்கு நினைவுக்கு வந்தன.

உள்ளங்கால் புண் இன்னும் நுட்பமானது. அதற்கு முள்ளோ ஆணியோ கூட வேண்டாம், நடையே போதும். நமக்குக் கால் வலித்தால் அறியாமலே எடையை மாற்றி வைக்கிறோம், நொண்டுகிறோம், உட்காருகிறோம். உணர்விழந்தவர் ஒரே இடத்தை ஓராயிரம் முறை மிதித்துக்கொண்டே போகிறார். உள்ளே சதை நசுங்கி, மேலே காய்ப்பு ஏறி, அடியில் நீர் கோத்து உடைகிறது. பட்ட காலிலே பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகவே மருந்தைவிட முக்கியம், அந்த இடத்தின்மேல் எடை விழாமல் செய்வது. ஆளைப் படுக்கவைத்தால் ஆறும். கூலிக்காரனை மூன்று மாதம் யார் படுக்கவைப்பது?

இதற்குத்தான் மாவுக்கட்டு. இங்கே ஒரு செய்தியைத் தமிழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். உணர்விழந்த காலின் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு நடக்கவிட்ட முன்னோடிகளில் ஒருவர், இலங்கைத் தமிழரான அறுவை மருத்துவர் மில்ராய் பால், கொழும்பில், 1930-களில். இந்தியாவில் ஜோசப் கான் என்பவர் தொழுநோயர் பாதப்புண் சிகிச்சை குறித்து 1939-இல் எழுதினார். பிராண்டும் அவருடைய குழுவினரும் இம்முறையை வேலூரில் எடுத்து வளர்த்தனர். 1955-இல் காட்பாடி அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையும் எழுந்தது. பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானாவில் கார்வில் என்னும் ஊரில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது கட்டும் கூடவே போயிற்று. அங்கேதான் சர்க்கரை நோயாளிகளின் கால் புண் அச்சுஅசல் தொழுநோயர் புண்போலவே இருப்பதைக் கண்டு, அவர்களுக்கும் இதையே போட்டனர். சுசுருதர் ஒரே சுலோகத்தில் வைத்தவர்களை ஒரே கட்டு சேர்த்து வைத்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

கார்வில்லில் எலிகளின் பாதத்தில் இயந்திரத்தால் மெல்லத் தட்டித் தட்டி, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை, ஆராய்ந்தார்கள். ஒரு தட்டில் ஒன்றுமில்லை. சில நாளில் வீங்கிச் சூடேறிப் புண்ணாயிற்று. இடையிடையே ஓய்வு கொடுத்த எலிக்குப் பாதம் தடித்துத் தாக்குப்பிடித்தது. சமணன் நான். இதைப் படிக்கும்போது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் என் கால் அந்த எலிகளுக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன்.

வலிக்குப் பதிலாக ஒரு கருவி செய்யவும் முயன்றார் பிராண்ட். கையுறையில் அழுத்தமானி வைத்து, அளவு மீறினால் ஓசை எழும்படி செய்தார். நோயாளிகள் ஓசையைப் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். வேலை முடியும்வரை அதை அணைத்து வைத்துவிட்டார்கள்! அந்த முயற்சியைக் கைவிட்டு, வலியின் அருமை பற்றிப் பிறகு ஒரு நூலே எழுதினார். 2003-இல் மறைந்தார்.

புண்ணைச் சோதிக்கும் முறையும் அங்கிருந்தே வந்தது. டாக்டரம்மா என் பாதத்தில் மீன்தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை வைத்து அழுத்தினார். பத்து கிராம் எடை விழுந்ததும் வளையும் இழை. கண்ணை மூடிக்கொண்டு, பட்டதும் சொல்ல வேண்டும். நான் எதுவும் சொல்லாமல் காத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் பத்து இடம் முடிந்திருந்தது. இந்தப் பத்து கிராம் அளவை உணராதவர் பாதத்துக்குக் காவல் இல்லை என்று 1986-இல் எழுதியவர்கள் கார்வில்காரர்களே. பிறகு கணுக்காலில் நாடி பார்த்து, கருவி வைத்து இரத்த ஓட்டத்தை அளந்தார். ஓட்டம் குறைவாக இருந்தாலோ சீழ் பிடித்திருந்தாலோ மாவுக்கட்டு ஆபத்து என்றார். (படிக்கிறவர்கள் நாமே கட்டிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடக் கூடாது.) புண் எவ்வளவு ஆழம், எலும்பு தட்டுகிறதா, சீழ் உண்டா, ஓட்டம் உண்டா என்று பிரித்துத் தரம் எழுதும் முறைகள் பல உள்ளன. வாக்னர் பெயரில் ஒன்று. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 1996-இல் வெளியிட்டது ஒன்று. என் சீட்டில் டெக்சாஸ் முறைப்படி '1-ஏ' என்று எழுதினார். ஆழமில்லை, சீழில்லை, ஓட்டம் உண்டு. அண்ணனுக்கு யாரும் அப்படி எழுதிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அளவெடுப்பு. கட்டம்போட்ட கண்ணாடித்தாளைப் புண்மேல் வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைந்து கட்டங்களை எண்ணினார். ஆறு சதுர சென்டிமீட்டர். நானும் கூடவே எண்ணினேன். வியாபாரிக்குக் கணக்கு என்றால் விடாது. நான்கு வாரத்தில் பாதிக்குமேல் சுருங்கினால் நல்ல சகுனம் என்றார். அது சகுனமில்லை, 2003-இல் வந்த ஆய்வு. நான்கு வாரத்தில் 53 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கிய பாதப்புண்களில் 58 விழுக்காடு பன்னிரண்டாம் வாரத்தில் ஆறின. அவ்வளவு சுருங்காதவற்றில் ஆறியது 9 விழுக்காடுதான். அதாவது, மாதம் ஒன்றாகியும் புண் சுருங்கவில்லை என்றால் மருந்தை அல்ல, வழியையே மாற்ற வேண்டும். நான் ஐந்து மாதம் ஒரே வழியில் நடந்துகொண்டிருந்தேன்.

மாவுக்கட்டு காலோடு தோல்போல ஒட்டியது. உள்ளே பஞ்சு மிகக் குறைவு. எடை ஓரிடத்தில் விழாமல் உள்ளங்கால் முழுதும் பரவி, ஒரு பங்கைக் கெண்டைக்கால் சுவரும் தாங்கிக்கொள்கிறது. காலடியும் சிறிதாகிறது. 2001-இல் அமெரிக்காவில் 63 பேரை மூன்றாகப் பிரித்துச் சோதித்தார்கள். மாவுக்கட்டுப் போட்டவர்களில் பன்னிரண்டு வாரத்தில் ஆறியது 89.5 விழுக்காடு, கழற்றி மாட்டும் பூட்சு அணிந்தவர்களில் 65, பாதிச் செருப்பில் 58.3. பூட்சும் எடையை நன்றாகவே தாங்குகிறது, பின் ஏன் இந்த வித்தியாசம்? இரண்டாண்டு கழித்து விடை வந்தது. பூட்சு போட்டவர்களுக்குத் தெரியாமல் அடி எண்ணும் கருவியை அதில் வைத்துப் பார்த்ததில், அவர்கள் நடந்த நடையில் 28 விழுக்காடு மட்டுமே பூட்சோடு நடந்திருக்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் கழற்றி வைத்துவிட்டார்கள்! கட்டைக் கழற்ற முடியாது. எங்கள் முனிவர்கள் விரதத்தைச் சபையறிய எடுப்பது எதற்காக என்று எனக்கு அப்போது விளங்கிற்று.

வாரம் ஒருமுறை கட்டைப் பிரித்து, புண்ணோரத்துக் காய்ப்பைச் சீவி, கட்டம் எண்ணி, மறுபடி கட்டினார். ஆறு, நாலே முக்கால், மூன்றரை, இரண்டரை. ஒன்பதாம் வாரம் வரைவதற்கு ஒன்றுமில்லை. அந்தக் கண்ணாடித்தாள்களைக் கேட்டு வாங்கி வந்து, கடைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

ஆறியபின் செருப்பு. அதுவும் வேலூர்ச் சரக்கு. பஞ்சுபோல நுண்ணறை கொண்ட ரப்பரை அடியில் வைத்துத் தொழுநோயருக்காக அங்கே உருவாக்கியது, எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒருகாலத்தில் அதன் உருவத்தைக் கண்டே 'குஷ்டரோகிச் செருப்பு' என்று ஒதுங்கியவர்கள் உண்டு. சென்னை இராயபுரத்தில் விஜய் விசுவநாதன் குழுவினர், முன்பு புண் வந்து ஆறிய சர்க்கரை நோயாளிகளிடம் பலவகைச் செருப்புகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்டனர். சாதாரணச் செருப்புப் போட்டவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சில மாதங்களில் மீண்டும் புண், எம்.சி.ஆர். போட்டவர்களில் நூற்றுக்கு நாலைந்து பேருக்குத்தான். அண்ணன் இருந்த ஊரிலிருந்து சென்னை இரண்டரை மணி நேரம். வேலூரும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

வீட்டில் இப்போது நானும் செருப்போடுதான் நடக்கிறேன். மருமகளுக்கு முதலில் சங்கடமாக இருந்தது. படுக்குமுன் மனைவி இரண்டு பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறாள். ஒன்றைவிட மற்றது சூடாக இருந்தால் உள்ளே நசுங்கல் தொடங்கிவிட்டது என்று பொருள், 2.2 டிகிரி வேறுபாட்டை எச்சரிக்கையாகக் கொண்டு அமெரிக்காவில் சோதித்து, புண் வருவது குறைந்ததாகக் கண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் வெப்பமானி அவள் கைதான்.

கோயில்தான் சிக்கல். நம் கோயில், பள்ளி, தர்கா எதிலும் செருப்புக்கு இடமில்லை. நம்மவரில் சர்க்கரைக்காரர் இல்லாத வீடும் இல்லை. பங்குனி, சித்திரை வெயிலில் பிரகாரம் சுற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது கால்தான் கண்ணில் படுகிறது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். போக வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. விடிகாலையில் போங்கள், தடித்த துணி உறை போட்டுக்கொள்ளுங்கள், ஓரிடத்தில் நிற்காதீர்கள், இறங்கியதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள் என்றார்.

2022 டிசம்பரில் மறுபடி விந்தியகிரி ஏறினேன். படிக்கட்டுத் திறந்தவுடன், இரண்டு ஜோடி காலுறை போட்டு, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு. மேலே பாறை சில்லென்றுதான் இருந்திருக்க வேண்டும், அவன் சொன்னான். தமிழ் வரிக்கு எதிரே நின்றேன். 2018-இல் எழுதிவந்த காகிதத்தில் ஓரெழுத்து ஐயமாக இருந்தது, அதைச் சரிபார்க்க வேண்டும். பேரன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "தாத்தா, அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றான். அந்த எழுத்து இன்னும் ஐயமாகத்தான் இருக்கிறது.